சபைக் காணிக்குச் சுகாதார சேவை ஏன் விலை கொடுக்க வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தில் என் தம்பி வசிக்கும் ஊரில், உள்ளூராட்சி சபை தனக்கு மேலதிகமானது என்று அறிவித்த காணியொன்றை அரச சுகாதார சேவைக்கு விற்கப் போகிறதாம். இரண்டும் மக்கள் பணத்தில் நடப்பவை. அப்படியிருக்க விலை எதற்கு? கொழும்பில் இப்படி நடந்தால் நாம் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இரண்டும் மக்கள் பணம்தான், ஆனால் ஒரே மக்களின் பணமல்ல. சபையின் காணி அந்த ஊரவருடைய சொத்து; சுகாதார சேவையோ நாடு முழுவதன் வரியில் நடப்பது. காணியை இலவசமாகக் கொடுத்தால், நூலகத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செலவிட வேண்டிய ஊர்ப்பணம் தேசியச் செலவொன்றை ஈடுசெய்யப் போய்விடும். இதனால்தான் 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, நியாயமாகப் பெறக்கூடிய மிக உயர்ந்த விலைக்கே இங்கிலாந்துச் சபைகள் காணியை விற்க வேண்டும் என்கிறது. 7 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே விதிதான். ஆயினும், பகுதியின் பொருளாதார, சமூக, சுற்றாடல் நலனுக்கு உதவுமென்று சபை கருதினால், அரசாங்கம் எல்லாச் சபைகளுக்கும் வழங்கிய 2003ஆம் ஆண்டின் பொது அனுமதியின்படி 20 இலட்சம் பவுண் வரை விலையைக் குறைக்கலாம். அதற்கு மேல் குறைப்பதற்கு அமைச்சரின் தனி அனுமதி வேண்டும். சுகாதார நிலையம் ஒன்றுக்காக இவ்வாறு விலையைக் குறைப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

விலையைவிடக் காணி உறுதியில் எழுதப்படும் நிபந்தனைகளே முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து. இன்று வாங்கும் சுகாதார சேவையே சில ஆண்டுகளில் அதே காணியைத் தனக்கும் மேலதிகமானது என்று அறிவித்து, வீடு கட்டும் கம்பனிக்கு விற்றுவிடலாம். ஆகவே, சுகாதாரத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடும், குறித்த காலத்துக்குள் மறுவிற்பனையில் கூடுதல் இலாபம் கிடைத்தால் அதில் சபைக்கும் பங்குண்டு என்ற வாசகமும் உறுதியில் இருக்கின்றனவா என்று தம்பி பார்க்க வேண்டும். இணைக்கப்பட்ட வரைபடத்தில் காணியைச் சுற்றியுள்ள சிவப்புக் கோட்டையும் அவர் கவனமாகப் பார்க்கட்டும். பக்கத்துப் பூங்காவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டிருந்தால், விற்பனை முடிந்த பின் அந்தப் பாதைக்காக வாதாடுவது மிகவும் கடினம். விற்கப்படுவது திறந்த வெளியாக இருந்தால், உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் அறிவித்தல் வெளியிட்டு, வரும் ஆட்சேபனைகளைச் சபை பரிசீலித்தே ஆக வேண்டும்.

இனி நம் ஊர். 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பு மாநகர சபை தனிச் சட்ட ஆளாகும்; அதாவது, தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கலாம். அதன் காணி அரசாங்கக் காணியல்ல. சுகாதார அமைச்சுக்கென்று ஒரு காணி எடுக்கப்பட்டால், அது வைத்தியசாலையின் பெயருக்கல்ல, அரசின் பெயருக்கே போகும். பிறகு அது வேறொரு திணைக்களத்தின் கைக்கும் மாறலாம். எனவே பயன்பாட்டு நிபந்தனை இங்கே இன்னும் அவசியம். மற்றொன்றையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்: மாநகர சபையே தன் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் மூலம் தாய்–சேய் சிகிச்சை நிலையங்களையும் மருந்தகங்களையும் நடத்துகிறது. ஆகவே ஒரு காணி மேலதிகமானது என்று சொல்லப்படும்போது, சபையின் சொந்தச் சிகிச்சை நிலையமொன்றுக்கு அது வேண்டாமா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. மேலதிகமென்று சபை தீர்மானிப்பதற்கு முன்னரே இதைக் கேட்க வேண்டும்; விலை பேசத் தொடங்கிய பிறகு யாரும் செவிசாய்ப்பதில்லை. 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை சபையில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை, இப்போது இருக்கிறார்கள். சபைக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கூடவே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாநகர சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். விலைமதிப்பு அறிக்கை, நில அளவைப் படம், காணியை மேலதிகமென்று அறிவித்த தீர்மானம் ஆகியவற்றின் பிரதிகளைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். தருவதா, மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். மறுத்தால் சபையில் மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.