இதய நோய் உள்ளவர்களுக்கு நடைப்பயிற்சி முடிந்தும் படபடப்பு அடங்க ஏன் நேரமாகிறது?

இதய ரத்தக் குழாய் அடைக்காமலிருக்க வைக்கும் சின்னக் குழலான ஸ்டென்ட் வைத்துக்கொண்டு தினமும் நடக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நடையை நிறுத்தியதும் முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு சரசரவென்று இறங்குவது பெரும்பாலும் இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் வேகஸ் நரம்பின் வேலை. நடக்கும்போது தளர்ந்திருந்த அது மறுபடி பிடியை இறுக்க வேண்டும். இதய நோயில், அதிலும் இதயம் பலவீனமானவர்களுக்கு, இந்தப் பிடி சட்டென்று திரும்புவதில்லை. தசைகளும் செலவழித்த சக்தியை ஆக்ஸிஜன் கொண்டு நிரப்பியாக வேண்டும். ரத்தம் போதிய வேகத்தில் போய்ச் சேராவிட்டால் மூச்சு வாங்குவது நீடிக்கும்.

இணையத்தில் தேடினால் 12 என்ற எண் கண்ணில் படும். 1999-ல் கிளீவ்லாண்ட் கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு அது. ட்ரெட்மில் சோதனை செய்த 2428 பேரில், முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவான துடிப்பே இறங்கியவர்களிடம் அடுத்த 6 ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. சரி, ஆனால் ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்களையும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை! போதாததற்கு நம்மில் பலர் நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறோம். நாடி ஏறுவதே கம்மி, பிறகு எங்கிருந்து இறங்கும்? அந்த எண்ணை வைத்துப் பயப்படுவது வீண்.

நான் செய்வது வேறு. நடை முடிந்ததும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவேன். மெதுவாக நடந்தபடியே ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவேன். அதே பாதை, அதே வேகம் என்றால் போன மாதத்தோடு ஒப்பிடலாம். ஒழுங்காகப் பயிற்சி செய்துவந்தால் இந்த இறக்கம் பலருக்கு மெல்ல மெல்லச் சீராகும். ஸ்மார்ட் வாட்ச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை, அது என் குணம்.

முக்கியமானது, சட்டென்று நிற்காதீர்கள். கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் ரத்தம் காலிலேயே தேங்கி, ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நெஞ்சுவலிக்கான நைட்ரேட், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதல். 5 முதல் 10 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உடனே வெந்நீரில் குளிக்கவும் வேண்டாம்.

அடுத்த நாளும் அசதி போகவில்லை என்றால் பயிற்சி அதிகம் என்று அர்த்தம். நாடி தாறுமாறாகத் துடித்தாலோ மயக்கம் வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்து ஓய்வெடுத்தும் நெஞ்சை அழுத்துவது போகவில்லை என்றால் நாடியை எண்ணிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.