ஸ்பின் அலையில் ஆராய்ச்சி என்கிறாள் மகள், வேலை கிடைக்குமா?

உங்கள் மகள் எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு நானோ காந்த வரிசைகளில் ஸ்பின் அலை என்ற தலைப்பை எடுக்கப்போகிறார், இதை வைத்துக்கொண்டு எங்கே வேலைக்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், ஸ்பின் அலை தெரிந்தவர் தேவை என்று கம்பெனிகள் விளம்பரம் கொடுப்பதில்லை. ஆனாலும் நல்ல லேப் அமைந்தால் நான் தடுக்கமாட்டேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுங்கள். நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலாயில் மிகச்சிறிய தீவுகளைச் செய்து வரிசையாக அடுக்குகிறார்கள். இப்படிப்பட்ட வரிசைக்குச் செயற்கை ஸ்பின் ஐஸ் என்று பெயர், 2006-ல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒவ்வொரு தீவும் 220 நானோமீட்டர் நீளம், 80 அகலம், 25 தடிமன். ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சட்டக்காந்தம், வடமுனை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். நான்கு தீவுகள் கூடும் இடத்தில் அக்கம்பக்கத்து இழுவிசைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் இணங்கிப்போக முடியாது, அதனால்தான் பல அமைப்புகள் சாத்தியமாகின்றன. இதற்குள் மைக்ரோவேவ் செலுத்தினால், காற்றில் நெற்கதிர்கள் சாய்ந்து எழுவதுபோல் காந்தத்தின் திசை கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்குப் பல நூறு கோடி முறை, அலையும், அதுதான் ஸ்பின் அலை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: எந்தத் தீவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அந்த அதிர்வெண்கள் மாறுகின்றன, ஆகவே புதுச் சாம்பிள் செய்யாமலே, வெளியிலிருந்து ஒரு காந்தப்புலம் கொடுத்துத் தீவுகளின் திசைகளை மாற்றி, அதிர்வெண்களையும் மாற்றிவிடலாம். மின்னோட்டம் ஓடாமலே தகவல் நகர்வதால் கணினித் துறையினர் இதைக் கவனிக்கிறார்கள், ஆனால் இன்னும் லேப் கட்டத்தில்தான் இருக்கிறது.

சரி, வேலை. தீவுகளைச் செய்ய க்ளீன்ரூம் என்ற தூசியில்லாத அறையில் எலக்ட்ரான் பீம் லித்தோகிராபி (எலக்ட்ரான் கற்றையால் நுண்வடிவம் வரைவது), உலோகப் படலம் படிய வைத்தல் எல்லாம் பழக வேண்டும், சிப் துறையில் இதே கைப்பழக்கம்தான் கேட்பார்கள். அளக்க மைக்ரோவேவ் கருவிகள், மைக்ரோவேவ் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசர், அது ஆன்டெனா, ரேடார் பக்கம் கதவைத் திறக்கும். கணினி சிமுலேஷன் மட்டும் என்றால் பைத்தானையும் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) புரோகிராமிங்கையும் ஆழமாகப் படித்தே ஆக வேண்டும், அரைகுறையாகப் படித்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும். இந்தத் துறையிலேயே ஆராய்ச்சியாளராக நிற்க வேண்டுமானால் பிஎச்டி இல்லாமல் நடக்காது, உதவித்தொகை இல்லாத பிஎச்டிக்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

அதனால் தலைப்பைவிட லேப் முக்கியம். வழிகாட்டியிடம் மகள் மூன்று விஷயம் கேட்கட்டும்: சாம்பிளைத் தன் கையால் செய்ய முடியுமா அல்லது வெளியிலிருந்து வருமா, கருவியில் மாணவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும், முன்பு இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் யோசிப்பேன்.

அப்புறம், ஆர்வம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊம்ஃப் (OOMMF) என்பது காந்த சிமுலேஷனுக்கான இலவச மென்பொருள், சாதாரண லேப்டாப்பில் ஓடும். என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதே வேலைக்கு மியூமேக்ஸ்3 (mumax3), அதுவும் இலவசம். ஒரு தீவுக்குச் சிறிய காந்தத் துடிப்பு கொடுத்து, அது எப்படி அதிர்கிறது என்பதை ஃபூரியர் மாற்றம் செய்து, அதாவது எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கட்டும், முனைகளில் ஒடுங்கிய அதிர்வு தாழ்ந்த அதிர்வெண்ணிலும், நடுப்பகுதி அதிர்வு அதற்கு மேலும் தெரியும். பிறகு நான்கு தீவுகளை வைத்து, ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டட்டும். அதிர்வெண் வரைபடத்தின் உச்சங்கள் ஏன் நகர்ந்தன என்று அவரே தேடத் தொடங்கினால் சேரட்டும். படம் வந்துவிட்டது, போதும் என்று மூடிவைத்தால், அதே துறையில் வேறு தலைப்பைப் பற்றி இப்போதே பேசுங்கள், சேர்ந்த பிறகு மாற்றுவது கஷ்டம்.