பாட்டியின் காய்ச்சலும் மகளின் எம்.எஸ்சி.யும்

அம்மா, வணக்கம்.

நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய எம்.எஸ்சி. படிக்கலாமா என்று கேட்கப் போன வாரம் மகளோடு வந்தபோது நீங்கள் அதிகம் பேசவில்லை. அவள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் மட்டும் மெதுவாக ஒன்று கேட்டீர்கள். "பாட்டி போன துக்கத்துல இதப் பிடிச்சிட்டிருக்கா சார். துக்கம் ஆறினதும் படிப்பும் கசந்துட்டா?" அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். யோசித்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

2021-இல் உங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் கொரோனா. தம்பி நான்காம் நாள் மொட்டைமாடியில் பட்டம் விட்டான். பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. வந்தவர்கள் எல்லோரும் "வயசாயிடுச்சு, என்ன செய்ய" என்றார்கள். வயதானால் உடம்பில் எது குறைகிறது என்று உங்கள் மகள் கேட்கிறாள். துக்கம் ஆறினாலும் இந்தக் கேள்வி ஆறாது. உலகத்தில் நல்ல நல்ல ஆய்வகங்கள் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கின்றன.

விஷயம் இதுதான். வைரஸைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி எல்லாம் உடம்பில் பிறகு உருவாகுபவை. வைரஸ் நுழைந்த சில மணி நேரத்திலேயே உடம்பு தானாகச் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. இயல்பு நோய்த்தடைகாப்பு என்பார்கள். வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். அது பட்டதும் பக்கத்துச் செல்கள் உஷாராகிக் கதவைச் சாத்திக்கொள்ளும். 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் ஆய்வகம் 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. இளையவர், முதியவர் இரு தரப்பு இரத்தத்திலிருந்தும் மோனோசைட் என்ற வெள்ளணுக்களைப் பிரித்து, ஃப்ளூ வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதியவரின் செல்லும் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் சூட்டையும், கிளப்பும் பொருள்களைக் குறையாமல் சுரந்தது. இன்டர்ஃபெரான்தான் போதவில்லை. நடுவில் செய்தியைக் கடத்துகிற டிராஃப்3 என்ற புரதம் வயதான செல்லில் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. தீப்பிடித்த வீட்டில் கூச்சலுக்குக் குறைவில்லை, தண்ணீர்க் குடம்தான் வந்து சேரவில்லை. இது போதாதென்று, 70 வயதைக் கடந்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேரின் இரத்தத்தில் தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருப்பதை 2021-இல் இன்னொரு குழு காட்டியது. இதை மகளிடம் சொன்னபோது பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாளே, அந்த ஆர்வத்தை நான் நம்புகிறேன்.

ஆர்வம் மட்டும் போதுமா என்றால், போதாது. இந்த வேலை பெரும்பாலும் கை வேலை. ஃபைகால் என்ற திரவம் உள்ள குழாயில், கலந்துவிடாமல், இரத்தத்தைச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக மேலே படரவிட வேண்டும். கை நடுங்கினால் போச்சு. அப்புறம் சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் அரை மணி நேரம் சுழற்றி, பிரேக் போடாமல் தானாக நிற்க விட வேண்டும். மேலே மஞ்சள், அடியில் சிவப்பு, நடுவே பால் ஆடை மாதிரி மெல்லிய வெள்ளை வளையம். அந்த வெள்ளணு வளையத்தை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சியே தொடங்குகிறது. விலங்கில் செய்வதென்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஒரு சுண்டெலி கிழ எலியாவதற்கு 18 முதல் 24 மாதம் ஆகும். அதுவரை தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்!

அதனால் வருடக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. 2 ஆண்டு, பிஎச்.டி. 5 அல்லது 6 ஆண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பணம் சில சமயம் தாமதமாக வரும், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்பது உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் வாய் திறக்க மாட்டேன். பிஎச்.டி. வேண்டாம் என்று எம்.எஸ்சி.யோடு நின்றாலும் தடுப்பூசி நிறுவனங்களிலும் பரிசோதனைக் கூடங்களிலும் வேலை உண்டு. சம்பளம் சுமாராகத்தான் தொடங்கும்.

விளம்பரத்தில் 'இம்யூனாலஜி' (நோய்த்தடைகாப்பு இயல்) என்று பெரிதாகப் போட்டிருக்கிறது என்பதற்காக லட்சக்கணக்கில் கட்டிவிடாதீர்கள். நீங்கள் கொண்டுவந்த அந்த வழவழப் புத்தகத்தில் ஆய்வகத்தின் படமே இல்லை, நீச்சல்குளம்தான் இருந்தது. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, வைராலஜி எதுவானாலும் சரி. கடைசி ஆறு மாதம் முழுநேர ஆய்வக புராஜெக்ட் உள்ள இடமா என்று பாருங்கள். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வைராலஜி துறை இருக்கிறது, புனேயின் தேசிய வைராலஜி நிறுவனமும் இருக்கிறது. வெளியூர் என்றால் பயம் என்றீர்கள். சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே. கொரோனா காலத்தில் முதியவர்களுக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் போட்டு, ஒரு மாதம் கழித்து இரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் குறைந்திருப்பதைக் கண்டவர்கள் அவர்கள். காசநோய் என்ற பெயரைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம்.

இப்போதைக்குப் பணம் எங்கும் கட்ட வேண்டாம். பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி (ஐ.ஐ.எஸ்சி. அல்ல) மற்ற இரு அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் குழாயும் கையுமாக நின்றுவிட்டு வந்து என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம். விண்ணப்பத்தில் அவள் எழுதுகிற ஒரு பக்கத்தை அனுப்புமுன் என்னிடம் காட்டச் சொல்லுங்கள். பாட்டியைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், மோனோசைட்டைப் பற்றி எழுதட்டும்.