பேத்தியோடு பப்புக்குப் போகலாமா?

கேள்வி: என் மகன் பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பப்பில் சாப்பிடலாம், பேத்தியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறான். குடிக்கிற இடத்தில் குடும்பத்தோடு, அதுவும் பெண்கள், உட்கார்ந்து சாப்பிடுவது முறையா? அந்த ஊரில் நல்ல ஹோட்டலே கிடையாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. மகன் உங்களைக் கூப்பிடுவது நல்ல இடத்துக்குத்தான். ஆனால் ‘அதுவும் பெண்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு ‘போங்கள்’ என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பப் என்றதும் உங்களுக்கு நம் ஊர் டாஸ்மாக் பார்தான் ஞாபகம் வந்திருக்கும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர், வாசலில் விழுந்து கிடக்கிற யாரோ ஒருவர். பெண்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடக்கிற இடம் அது. குடி நம் வீடுகளை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்த பாரை அப்படியே தூக்கிப்போய் பர்மிங்ஹாம் தெருமுனையில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது.

பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்தான் பப். பொது வீடு என்று அர்த்தம். ஞாயிறு மதியம் அங்கே போனால் முக்கால்வாசி மேசைகளில் குடும்பங்கள் இருக்கும். தாத்தா பாட்டி, தள்ளுவண்டியில் கைக்குழந்தை, மேசைக்கு அடியில் நாய்கூட. சாப்பாடு ‘சண்டே ரோஸ்ட்’. அடுப்பில் வாட்டிய இறைச்சி, மொறுமொறுவென்ற உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கறி, கிண்ணம்போல் உப்பிய யார்க்‌ஷர் புட்டிங், எல்லாவற்றின் மேலும் ஊற்றிய கிரேவி. நமக்கு விருந்துச் சாப்பாடு எப்படியோ, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இது அப்படி. பேத்தி வருவதைப் பற்றியும் கவலை வேண்டாம். சாப்பாட்டுக்கு முக்கிய இடம் கொடுக்கும் பப்புகளில் பெரியவர்களோடு வரும் பிள்ளைகள் சாதாரணமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலையிலிருந்து உள்ளே புகைபிடிக்கத் தடை என்பதால் பழைய புகை மண்டலமும் இல்லை. ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காருகிறவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

சரி, பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘பெண்கள் அங்கே நிற்பது முறையா’ என்று அந்த நாட்டு ஆண்களும் நீண்ட காலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். லண்டனில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்திருந்த ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் எல் வினோ என்று ஓர் ஒயின் பார். ஆண்கள் கவுன்ட்டரில் நின்று வாங்கிக் குடிக்கலாம், பேசலாம். பெண்கள் என்றால் பின்னறைக்குப் போய் உட்கார வேண்டும், அங்கேதான் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு பெண் வழக்கறிஞரும் ஒரு பெண் பத்திரிகையாளரும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தோற்று, 1982-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். பெண்களை நடத்துவதில் பாகுபாடு கூடாது என்று 1975-இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் கவுன்ட்டரில் நிற்கும் உரிமைக்கு இன்னும் ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. அப்படிப் போராடி வாங்கிய இடத்தைத்தான் நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கப் பார்க்கிறீர்கள்.

இன்னொரு கதை உங்கள் மகன் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. பர்மிங்ஹாமை ஒட்டியிருக்கிறது ஸ்மெத்விக் என்ற தொழிலாளர் ஊர். அங்கிருந்த இரும்பு வார்ப்பாலைகளில் வேலை செய்ய பஞ்சாபிலிருந்து நிறையப் பேர் போனார்கள். நாள் முழுக்க உலையின் முன்னால் வெந்துவிட்டு, சாயங்காலம் பப்புக்குப் போனால் சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். சில இடங்களில் சாதாரண அறையில் மட்டும் ஊற்றிக் கொடுப்பார்கள். மெத்தை நாற்காலி போட்ட நல்ல அறை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். நம் ஊர் டீக்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக்குக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அவரை ஒரு பப்புக்கு அழைத்துப்போய், இந்த நிறவெறி எப்படி இருக்கிறது என்று நேரிலேயே காட்டினார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே வருஷக் கடைசியில் பொது இடங்களில் இன பேதம் காட்டக்கூடாது என்ற சட்டம் பிரிட்டனில் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வியாபாரம் படுத்து மூடும் நிலைக்கு வந்த பப்புகளை அந்தப் பஞ்சாபிகளும் அவர்கள் பிள்ளைகளும் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இன்று ‘தேசி பப்’ என்று அந்த வட்டாரம் முழுக்கப் பெயர். சூடான இரும்புத் தட்டில் வதக்கிய வெங்காயத்தின் மேல் கோழி டிக்காவும் சீக் கபாபும் சீறிக்கொண்டு வரும். ‘மிக்ஸ்டு கிரில்’ என்பார்கள். கூட நான் ரொட்டி, மீன் பக்கோடா. ஒரே தட்டைச் சுற்றி சீக்கியப் பெரியவரும் வெள்ளைக்காரத் தொழிலாளியும் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் உள்ளே வராதே என்று தடுத்த அறையில், இன்று அவர்கள் வீட்டுச் சமையல்! மகனிடம் சொல்லி ஒரு நாளாவது அப்படி ஓர் இடத்துக்கும் போய்விட்டு வாருங்கள்.

முறையா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால், என்ன சாப்பிடுவது என்பதைத்தான் நீங்கள் முதலில் விசாரித்திருக்க வேண்டும். நீங்கள் சைவமா, மாட்டிறைச்சி தவிர்ப்பவரா என்று எழுதவில்லை. எதுவானாலும் இதைக் கவனியுங்கள். அந்த வட்டாரத்தில் சில இடங்களில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். எண்ணெய் என்றாலும் மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். யார்க்‌ஷர் புட்டிங் மாவு, பால், முட்டை கலந்தது. பழைய முறைப்படி செய்தால் இறைச்சிக் கொழுப்பில் வேகும். ‘ஸ்டேக் அண்ட் ஏல் பை’ என்றால் மாட்டிறைச்சியோடு பீரும் சேர்ந்தது. கூச்சப்படாமல் கேளுங்கள். முட்டை, பால், வேர்க்கடலை, எள் என்று ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எது எதில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். கொழுப்பு எது, எண்ணெய் எது என்பதை மட்டும் நீங்களாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சைவத்துக்குத் தனியாக ரோஸ்ட் போடும் பப்புகளும் நிறைய உண்டு. கிரேவியும் சைவம்தானா என்று மறக்காமல் கேளுங்கள். ‘ப்ளோமேன்ஸ் லஞ்ச்’, அதாவது உழவன் சாப்பாடு என்று ஒன்று இருக்கும். ரொட்டி, சீஸ், வினிகரில் ஊறிய வெங்காயம். பெயரைப் பார்த்து ஆதிகாலத்து உணவு என்று நினைக்காதீர்கள். ரொட்டியும் சீஸும் பழையவைதான், ஆனால் அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது 1950, 60-களில் சீஸ் விற்பனையைக் கூட்ட நடந்த விளம்பரம். சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டும் சேர்ப்பார்கள் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல பப்புகளில் மேசைக்கு யாரும் வந்து ‘என்ன வேண்டும்’ என்று கேட்கமாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லி, பணத்தைக் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்கு மகனை அனுப்பாமல் நீங்களே ஒருமுறை போய் நில்லுங்கள். ஞாயிறு ரோஸ்ட் தீர்ந்துபோனால் அன்றைக்கு அவ்வளவுதான், அதனால் முன்பதிவு செய்துவிட்டு நேரத்தோடு கிளம்புங்கள். மகன் கார் ஓட்டுவதாக இருந்தால் அவர் குடிக்கவே வேண்டாம். கடைசியில் பேத்திக்கு ஒரு ஸ்டிக்கி டாஃபி புட்டிங் சொல்லுங்கள். பேரீச்சம்பழம் போட்டு வேகவைத்த கேக், மேலே சூடான வெண்ணெய்ப் பாகு. இரண்டு ஸ்பூன் கேளுங்கள்.