ராத்திரிக்கு ஒரு ரூம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகன் அமெரிக்காவில் வட கரோலினாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வேலை மாறிப் போகிறான். காரிலேயே போகலாம், வழியில் மோட்டல் என்கிற சாலையோர மலிவு ஹோட்டல்களில் தங்கிக்கொள்ளலாம் என்கிறான். நானும் அவன் அப்பாவும் கூடப் போகிறோம். இருவருக்கும் அறுபது தாண்டியாயிற்று. பயமில்லாமல் தங்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகத் தங்கலாம். பத்து வருஷத்துக்கு முன் நாங்களும் அதே வழியில்தான் போனோம். வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, பின்சீட்டில் எழுபத்திரண்டு வயது மாமியார், அவர் மடியில் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். ஐ-40 என்ற அந்த நெடுஞ்சாலை வட கரோலினாவின் வில்மிங்டனில் தொடங்கி, கலிபோர்னியாவின் பார்ஸ்டோவில் முடிகிறது. ஒரு காலத்தில் வில்மிங்டனில் 'பார்ஸ்டோ, கலிபோர்னியா 2,554 மைல்' என்று ஒரு பலகை இருந்ததாம். வைக்க வைக்க யாராவது கழற்றிக்கொண்டு போய்விட, நெடுஞ்சாலைத் துறையே அலுத்துப்போய் விட்டுவிட்டது!

சாயங்காலம் ஐந்து மணிக்குள் ரூம் எடுத்துவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். டெக்சஸின் அமரில்லோவிலிருந்து கிளம்பி நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் தங்குவதாகத் திட்டம். பெரிய ஊர், ரூமுக்கா பஞ்சம் என்று முன்பதிவு செய்யவில்லை. போனால் மோட்டல் வாசலில் எல்லாம் 'வேகன்சி' என்ற எழுத்துக்கு முன்னால் 'நோ' சிவப்பாக எரிகிறது. அக்டோபர் முதல் வாரம் அது. அங்கே வருஷாவருஷம் ஒன்பது நாள் நடக்கிற பலூன் திருவிழாவுக்கு உலகமே வந்து இறங்கியிருக்கிறது. "பலூன் பார்க்கவா வந்தீர்கள்?" என்று கேட்கிறார்களே தவிர, ரூம் தருவாரில்லை. எட்டு இடம் ஏறி இறங்கிவிட்டு, இன்னும் 140 மைல் ஓட்டிக் கேலப் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.

அங்கே கவுன்டரில் இருந்த பையன், "சிகரெட் பிடிக்காதவர்களுக்கான ரூம்தான்" என்று சொல்லிக் கார்டைத் தேய்த்தான். கதவைத் திறந்தால் பழைய பீடிக்கடை வாசனை. போர்வையில் சுட்ட ஓட்டை இரண்டு. திரும்பிப் போய்க் கேட்டால் பணம் வாபஸ் இல்லையாம். மாமியார் ஒன்றும் பேசவில்லை. பெட்டியிலிருந்து தம் பழைய நூல்புடவையை எடுத்து நாற்காலியில் விரித்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில் ஊதிக்கொண்டே போனது. பாவம், அவர் தூங்கினாரா என்று நான் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து, பணம் கட்டுமுன் ரூமைக் காட்டச் சொல்கிறேன். கூச்சமே வேண்டாம், சாவியைக் கொடுத்து "பார்த்துவிட்டு வாருங்கள்" என்பார்கள். காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் தங்காதீர்கள். உள்ளே போனதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் குளியல் தொட்டியில் வையுங்கள். தலைமாட்டில் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தைப் போன் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தினாற்போல் கரும்புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. வேறு ரூம் கேட்டால் அடுத்ததைக் கொடுப்பார்கள். நானாக இருந்தால் வேறு மோட்டலே பார்ப்பேன்.

இரண்டு மாடிதான் என்றால் பல இடங்களில் லிப்ட் கிடையாது. உங்கள் முழங்காலுக்குக் கீழ்த்தளமே கேளுங்கள், ஆபீஸ் பக்கத்து ரூமாக. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் வரி உண்டு. சில இடங்களில் முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். மகனிடம் டெபிட் கார்டை விட்டுக் கிரெடிட் கார்டையே நீட்டச் சொல்லுங்கள்.

காலை ஆகாரம் இலவசம் என்றால் வாஃபிளும் ரொட்டியும்தான். அமரில்லோவில் வாஃபிள் டெக்சஸ் மாநில வரைபடம் மாதிரியே வார்க்கப்பட்டு வந்தது. மாமியார் அதன் தெற்கு மூலையைப் பிய்த்து ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு, "உப்பில்லை" என்றார்.

கேள்வி: போகிற வழியெல்லாம் மோட்டல் முதலாளி பட்டேல்தான் என்கிறார்களே, மெய்யா?
- வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் மெய். அமெரிக்க ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தங்கள் உறுப்பினர்கள் கையில் இருப்பதாக, 1989-இல் தொடங்கிய ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள். 1970-களில் பெட்ரோல் தட்டுப்பாட்டாலும், புது நெடுஞ்சாலைகள் பழைய ரோட்டை ஒதுக்கியதாலும் நொடித்துக் கிடந்த மோட்டல்களை மலிவாக வாங்கினார்கள். கவுன்டருக்குப் பின்னாலேயே குடித்தனம், குடும்பமே வேலையாள். வங்கிக் கடனும் இன்சூரன்சும் கிடைக்காமல் அலைந்த காலமும் உண்டு.

ஒக்லஹோமாவில் ஒரு சின்ன ஊரில் கவுன்டருக்குப் பின்னாலிருந்து கடுகு வெடிக்கிற வாசனை வந்தது. மாமியாருக்குக் குஜராத்தி தெரியாது, அந்த வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மறுநாள் காலை நாலு தேப்லா (குஜராத்திச் சப்பாத்தி) எங்கள் காருக்கு வந்தது, பாதி நார்த்தங்காய் அங்கே போனது. எந்த பாஷையில் பேரம் நடந்ததோ!

கேள்வி: மோட்டல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?
- வாசகர், ஈரோடு

பதில்: மோட்டாரும் ஹோட்டலும் ஒட்டிப் பிறந்தது. 1925-இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் முதல் போர்டு. மோட்டல் சிக்ஸ் என்ற கம்பெனியின் பெயரிலுள்ள ஆறு, 1962-இல் அவர்கள் வாங்கிய ஒரு நாள் வாடகை: ஆறு டாலர். 2024-இல் அதை 52.5 கோடி டாலருக்கு வாங்கியது நம் ஓயோ.

கேள்வி: ரைஸ் குக்கர் இங்கிருந்தே எடுத்துப் போகலாமா?
- மீண்டும் திருநெல்வேலி வாசகி

பதில்: வேண்டாம். நம்மூர் 230 வோல்ட் குக்கரை அங்கே 120-இல் செருகினால் அரிசி ஊறும், வேகாது. அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்கக் கூடாது என்று ரூமில் எழுதி ஒட்டியிருந்தால் மைக்ரோவேவோடு நிறுத்துங்கள். தாளிப்பு எங்கேயும் கூடாது, புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும். தயிருக்குக் கவலைப்படாதீர்கள். மாமியார் மைக்ரோவேவில் பாலைச் சுடவைத்து, ஆறியதும் உறை குத்தி, மோட்டல் துண்டில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடுவார். கேலப்பில் மட்டும்தான் தோயவில்லை.