கல் பத்திரம், அதைவிடச் சீட்டு பத்திரம்

கேள்வி: கனிமக் கற்கள், படிகங்கள் சேகரிக்க ஆசை. எப்படித் தொடங்கலாம்? புதிதாக வருபவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள்?

நான் கோட்டை விட்ட கதையிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் வாங்கிய கற்களில் ஒன்று மார்கசைட். வெளிறிய பித்தளை நிறம், சேவல் கொண்டை மாதிரி அடுக்கடுக்கான படிகங்கள். அதோடு இன்னும் நான்கு கற்களைச் சேர்த்து ஒரு அட்டைப்பெட்டியில் பஞ்சு பரப்பி வைத்தேன். எந்தக் கல் எங்கே கிடைத்தது என்று எழுதிய சீட்டுகளை அடியில் போட்டேன். அப்புறம் மறந்தே போய்விட்டேன்.

இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் குப்பென்று கந்தக நெடி. மார்கசைட் மேல் சாம்பல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது, விரல் பட்ட இடம் உதிர்ந்தது. சீட்டுகள் அனலில் வாட்டியதுபோல் பழுப்பேறி, எடுக்கும்போதே நொறுங்கின. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல் அது. ஈரக்காற்று பட்டால் சிதைந்து கந்தக அமிலத்தைக் கக்கும். தங்கம்போல் மின்னும் பைரைட்டுக்கும் இதே கலவைதான், சில பைரைட்டுகளுக்கும் இந்த நோய் வரும்.

மார்கசைட் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மற்ற நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எந்தச் சுரங்கத்தில் எடுத்தவை என்பது போய்விட்டது. இடம் தெரியாத கல் அழகுப் பொருளாக இருக்கலாம், மாதிரியாக மதிப்பு பாதிதான். இப்போது ஒவ்வொரு கல்லின் அடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண் எழுதுகிறேன். அதே எண்ணுக்கு நேராக நோட்டில் பெயர், இடம், எப்போது யாரிடம் வாங்கியது என்ற விவரம். அந்த நான்குக்கு நேராக ‘இடம் தெரியாது’ என்றுதான் இருக்கிறது.

சரி, எதை முதலில் வாங்குவது? என் ஓட்டு கால்சைட்டுக்கு. தெளிந்த கால்சைட் துண்டை அச்சடித்த தாள் மேல் வையுங்கள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும். கல்லை மெதுவாகத் திருப்பினால் ஒரு பிம்பம் அசையாமல் நிற்க, மற்றது அதைச் சுற்றி வரும். ஒரு சாயங்காலம் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயர் கண்டுபிடிக்க நிறத்தை நம்பாதீர்கள். ஒரே ஃப்ளோரைட் ஊதாவாகவும் வரும், பச்சையாகவும் வரும். கீறிப் பார்ப்பது மேல். 1812-இல் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோல் இன்றும் கை கொடுக்கிறது, எண் கூடினால் கல் கடினம்: ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃப்ளோரைட் 4, குவார்ட்ஸ் 7. நகம் கீறினால் ஜிப்சமாக இருக்கலாம், கத்தி கீறினால் கண்டிப்பாகக் குவார்ட்ஸ் இல்லை. மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பாருங்கள். பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும், தங்கம் மஞ்சளாகவே போடும். நல்ல முகத்தில் மட்டும் கீறிவிடாதீர்கள், ஓரம் போதும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். கற்கள் வரும்வரை கல்லுப்பை அதில் பாருங்கள். சதுரச் சதுரமாகத் தெரியும் உப்பும் ஹாலைட் என்ற கனிமம்தான்.

எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுக் கழுவக்கூடாது. ஹாலைட் கரைந்தே போகும். ஊதா நிறச் செவ்வந்திக்கல்லை (அமெதிஸ்ட்) ஜன்னலோரம் வைத்தால் வெயிலில் நிறம் வெளுக்கும். ரியால்கர் என்ற சிவப்புக் கல் வெளிச்சத்திலேயே மஞ்சள் பொடியாகும், அதில் ஆர்சனிக் வேறு இருக்கிறது. கலீனா ஈயத் தாது, தொட்டால் கை கழுவுங்கள்.

ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். சிட்ரின் (மஞ்சள் குவார்ட்ஸ்) என்று விற்பதில் பெரும்பகுதி சூடேற்றிய செவ்வந்திக்கல். அடியில் பால் வெள்ளை, நுனியில் எரிந்த ஆரஞ்சு என்றால் சந்தேகப்படுங்கள். வானவில் போல் மினுங்கும் குவார்ட்ஸ், பெரும்பாலும் உலோகப் பூச்சு ஏற்றியது. படிக்கட்டு படிக்கட்டாக இருக்கும் பிஸ்மத் என்ற உலோகத்தின் படிகங்கள் உருக்கி ஆறவைத்து வளர்த்தவை. அதையும் ஒன்று நான் வாங்கி வைத்திருக்கிறேன், பார்க்க அத்தனை அழகு. நோட்டில் இடம் என்ற கட்டத்தில் ‘உலை’ என்று எழுதியிருக்கிறேன்.