கிளவுஸைக் கழற்றினால் என்ன ஆகும்?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எட்டு மாதமாக பாக்ஸிங் பழகுகிறேன், வாரத்துக்கு நான்கு நாள். மல்யுத்தம் பழகும் என் நண்பன், "இதெல்லாம் ரிங்குக்குள்ளே மட்டும்தான் எடுபடும், ரோட்டில் ஒருத்தன் நிஜமாகவே அடிக்க வந்தால் கற்றதெல்லாம் பத்து செகண்டில் மறந்துவிடும்" என்று கிண்டல் செய்கிறான். அவன் சொல்வது சரிதானா சார்?
- ஒரு கல்லூரி மாணவர்

பதில்: எட்டு மாதத்தில் எத்தனை நாள் ஸ்பாரிங் (எதிரே ஒரு ஆளை நிறுத்திப் பயிற்சிக்காகக் குத்திப் பழகுவது) செய்திருக்கிறீர்கள் தம்பி? அதை நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

நான் முதன்முதலாக ஸ்பாரிங் செய்த நாளில், எதிரே நின்றவர் லேசாகத் தட்டிய முதல் ஜாபுக்கே (முன் கையால் நேராக விடும் குத்து) இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டேன். அதற்கு முன் நான்கு மாதம் தொங்கும் பேக்கைக் குத்தியிருந்தேன், கோச் கையில் பிடிக்கும் பேடில் பளார் பளார் என்று சத்தம் வரும், கண்ணாடி முன் நின்றால் எனக்கே பெருமையாக இருக்கும். நிஜமாக ஒரு கை முகத்தை நோக்கி வந்ததும் அந்தப் பெருமையெல்லாம் காலி. மூச்சு விடவே மறந்துபோய், ஒரு ரவுண்டு முடிவதற்குள் கால் துவண்டுவிட்டது. இன்னும் இரண்டு மூன்று மாதம் அப்படி அடி வாங்கிய பிறகுதான் கண் திறந்தே இருக்கப் பழகியது. அப்போதுதான் எதிராளியின் தோள் அசைவது தெரிந்தது, கை கிளம்புவதற்கு முன்பே கிளம்பப்போகிறது என்பதும் தெரிந்தது.

தெருச் சண்டையில் பாக்ஸிங் கை கொடுக்கும் இடம் இதுதான். பழக்கமில்லாதவன் அடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்து, அரை வட்டமாகச் சுற்றி வீசுவான். கண்ணைத் திறந்து வைத்திருப்பவருக்கு அது எப்போதோ தெரிந்துவிடும், அரை அடி பின்னால் நகர்ந்தால் போதும், கை காற்றில் போகும். அவனுக்கு ஏற்கனவே மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கும், ஏனென்றால் முழு பலத்தையும் முதல் அரை நிமிடத்திலேயே செலவழித்துவிடுவான். நீங்கள் மூன்று நிமிட ரவுண்டுகளாக மூச்சைப் பங்கு போட்டுப் பழகியவர். அதோடு, ஒரு அடி விழுந்தால் "ஐயோ, அடிபட்டுவிட்டதே" என்று உறைந்து நிற்கமாட்டீர்கள், இதற்கு முன்பே நூறு தடவை பட்டதுதானே.

நண்பர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நிஜமான பயத்தில் அட்ரினலின் ஏறும்போது பார்வை குறுகும், காது சரியாகக் கேட்காது, கை நடுங்கும். பேடில் அடுத்தடுத்து ஆறு குத்தாக அழகாகப் போட்ட காம்பினேஷன் எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வராது. ஆயிரக்கணக்கான தடவை செய்து உடம்பில் ஊறிய இரண்டு மூன்று விஷயங்கள்தான் மிஞ்சும்: ஒரு ஜாப், அதன் பின்னால் ஒரு நேர் வலது கை, ஒரு பக்கவாட்டு நகர்வு. அவ்வளவுதான், ஆனால் அவ்வளவே பெரும்பாலும் போதும்.

அவர் சொல்லாமல் விட்ட பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: உங்கள் கை. கிளவுஸ் எதிராளியின் முகத்தைக் காப்பாற்ற வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது முக்கியமாகக் காப்பாற்றுவது குத்துகிறவனின் கையை. ஒரு கையில் 27 எலும்புகள், பெரும்பாலும் சின்னச் சின்னது. நெற்றி எலும்போ மனித உடம்பிலேயே கெட்டியான எலும்புகளில் ஒன்று. கட்டுத் துணியும் கிளவுஸும் இல்லாமல் முழு வேகத்தில் குத்தும்போது எதிராளி கொஞ்சம் தலையைக் குனிந்தால் போதும், சுண்டு விரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முறியும். இந்த முறிவுக்கு ஆங்கிலத்தில் பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், சரியாகக் குத்தத் தெரிந்த பாக்ஸர்களைவிட கோபத்தில் சுவரையும் ஆளையும் குத்துகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

தெரிந்தவர்களுக்கும் கை உடையும். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் வீழ்த்தி, ஹெவிவெயிட்டில் யாரும் கிட்டே வரமுடியாத இடத்தில் இருந்தார் மைக் டைசன். இரண்டே மாதம் கழித்து, ஆகஸ்டில், நியூயார்க்கின் ஹார்லெமில் அதிகாலை நேரத்தில் மிட்ச் கிரீன் என்ற இன்னொரு பாக்ஸரோடு தெருவில் கைகலப்பு. கிரீனின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. டைசனுக்கு வலது கையில் எலும்பு விரிசல். அதனால் ஃபிராங்க் புரூனோவுடனான பந்தயம் தள்ளிப்போனது, கடைசியில் 1989 பிப்ரவரியில்தான் நடந்தது. இதே கிரீனோடு 1986இல் ரிங்குக்குள் 10 ரவுண்டு குத்தி ஜெயித்தவர்தான் டைசன். அன்று கையில் கிளவுஸ் இருந்தது.

இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். ரிங்கில் முகத்துக்கு முன் கையை வைத்தால் கிளவுஸே பாதி முகத்தை மறைத்துவிடும். வெறும் கையை அப்படி வைத்தால் நடுவில் தாராளமாக இடைவெளி, அதன் வழியே அடி உள்ளே வரும். ஆகவே தெருவில் கையை வைத்துத் தடுப்பதைவிடக் காலால் விலகுவதுதான் உத்தமம். அப்புறம், ரிங்கில் மணி அடித்த பிறகுதான் சண்டை, தெருவில் அவன் பேசிக்கொண்டே, கிட்டே வந்துகொண்டே, பாதி வாக்கியத்தில் அடித்துவிடுவான். இதை எந்த பாக்ஸிங் கோச்சும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. யாராவது குரலை உயர்த்திக்கொண்டு நெருங்கினால், "சரி சரி, விடுங்க" என்று சமாதானம் சொல்கிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு, அவன் கை எட்டாத தூரத்திலேயே நில்லுங்கள். பார்ப்பவர்களுக்கு சமாதானமாகத் தெரியும், உங்கள் கையும் மேலே இருக்கும். அந்த தூரத்திலிருந்து திரும்பிப் போக வழி இருந்தால் போய்விடுங்கள். நகர்ந்து பழகிய கால் உங்களுக்கு இருக்கிறது, அவனுக்கு இல்லை.

கேள்வி: என்னதான் குத்தத் தெரிந்தாலும் எதிராளி பாய்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டால் பாக்ஸர் என்ன செய்வார்? பேசாமல் மல்யுத்தமோ ஜூடோவோ கற்றுக்கொள்ளலாமே?

பதில்: பிடித்துவிட்டால் பாக்ஸருக்குச் சிரமம்தான், மழுப்பவே முடியாது. ரிங்கில் இருவர் கட்டிக்கொண்டால் ரெஃப்ரி வந்து பிரித்துவிடுவார். தெருவில் யார் பிரிப்பது?

1993இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, எல்லாச் சண்டைக் கலைக்காரர்களும் மோதும் முதல் யுஎஃப்சி போட்டிக்கு ஆர்ட் ஜிம்மர்சன் என்ற பாக்ஸர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். (ஒரு கையில் மட்டும்! அந்தக் கோலத்தை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.) தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்ததுமே, கழுத்தை நெரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அவரே தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2010இல் பாக்ஸிங்கின் முன்னாள் உலக சாம்பியன் ஜேம்ஸ் டோனியையும், மல்யுத்தத்திலிருந்து யுஎஃப்சிக்கு வந்த 47 வயது ராண்டி கூட்டூர் காலைப் பிடித்து இழுத்து முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார்.

இது பாக்ஸிங்கின் பிறவிக் குறை இல்லை, இடையில் வந்தது. வெறுங்கைக் காலத்தில் இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கிப் போடலாம், அதுவும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். 1889இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் கிளவுஸ் இல்லாமல் மோதிய கடைசி பெரிய ஹெவிவெயிட் பந்தயம் 75 ரவுண்டு போனது; யாராவது ஒருவர் கீழே விழுந்தால் ஒரு ரவுண்டு என்று கணக்கு. 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள்தான் கிளவுஸையும் மூன்று நிமிட ரவுண்டையும் கொண்டுவந்து, மல்யுத்தத்தை வெளியே அனுப்பின.

உங்களுக்கு என் யோசனை: பாக்ஸிங்கை விடவேண்டாம், கூட ஆறு மாதம் மல்யுத்தம் பழகுங்கள். ஆளைத் தூக்கிப் போடுவதற்காக இல்லை, பாய்ந்து வருகிறவனைத் தடுக்கவும், விழுந்தால் உடனே எழுந்து நிற்கவும். நிற்கும் வரைதான் உங்கள் பாக்ஸிங் உங்களிடம் இருக்கும்.

கேள்வி: வீட்டில் பேக் தொங்கவிட்டு, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டால் போதுமா?

பதில்: உடம்பு நன்றாக வரும், வியர்க்கும், மனசு லேசாகும். சண்டைக்கு ஆகாது. பேக் திருப்பி அடிக்காது.

கேள்வி: எதிராளி கையில் கத்தி இருந்தால்? அல்லது மூன்று நான்கு பேர் சேர்ந்து வந்தால்?

பதில்: கத்தி என்றால் ஓடுங்கள். பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிட்டு ஓடுங்கள். பாக்ஸரின் கை எட்டுகிற தூரம் கத்தியும் எட்டுகிற தூரம்தான், குனிந்து விலகி உள்ளே புகுவது என்று நீங்கள் பழகியதெல்லாம் நேராகக் கத்தியில் கொண்டுபோய் விடும்.

பல பேர் என்றால், ஒருவனோடு மட்டும் நின்று குத்திக்கொண்டிருக்க முடியாது, பின்னால் ஒருவன் வந்துவிடுவான். எல்லோரும் ஒரே பக்கம் இருக்கும்படி நகர்ந்துகொண்டே வெளியேறும் வழியைத் தேடவேண்டும். சுவர் ஓரம் ஒதுங்கினால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள், என் அபிப்பிராயத்தில் அது மாட்டிக்கொள்வதற்கான வழி.

கேள்வி: பாக்ஸரின் கை சட்டப்படி ஆயுதம், போலீஸில் பதிவு செய்யவேண்டும் என்கிறார்களே?

பதில்: கையைப் பதிவு செய்யும் கதையை எல்லா ஜிம்மிலும் யாராவது ஒருவர் சொல்வார். நம்பவேண்டாம். தற்காப்பு வழக்கு என்று வந்தால் பொதுவாகப் பார்ப்பது, ஆபத்து நிஜமாக இருந்ததா, நீங்கள் காட்டிய பலம் அதற்கு ஏற்ற அளவா, ஆபத்து நின்றதும் நீங்களும் நிறுத்தினீர்களா என்பதைத்தான். பயிற்சி பெற்றவர், அடியின் விளைவு தெரிந்தவர் என்ற வாதம் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

அந்த விளைவு என்னவென்று யோசித்துப் பாருங்கள். தாடையில் படும் அடி தலையைச் சட்டென்று சுழற்றுகிறது, மூளை குலுங்கி ஆள் நினைவிழக்கிறார். ரிங்கில் விழுந்தால் கீழே மெத்தைபோட்ட கேன்வாஸ், பக்கத்திலேயே டாக்டர். தெருவில் நினைவில்லாத தலை, கையை ஊன்றக்கூட முடியாமல் நேராக சிமெண்டில் மோதுகிறது. உயிர் போவது பல சமயம் அந்த இரண்டாவது அடியில்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இப்படி ஒரே குத்தில் நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு 2014இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். குடிபோதையில் அடித்து ஆள் இறந்தால் குறைந்தபட்சம் 8 வருடம் சிறை. அடித்தவர்களில் யாரும் கொல்ல நினைத்து அடித்திருக்கவேண்டும் என்று அவசியமில்லை.

கேள்வி: பதினாறு வயது மகள் தற்காப்புக்காக பாக்ஸிங் சேரவேண்டும் என்கிறாள். தலையில் அடிபடுமே என்று பயமாக இருக்கிறது. ஹெட்கார்டு போட்டால் போதும்தானே?

பதில்: தாராளமாகச் சேர்த்துவிடுங்கள், ஆனால் ஹெட்கார்டை நம்பி இல்லை. அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹெட்கார்டே இல்லாமல்தான் ஆடினார்கள். அடிமேல் அடி வாங்கிய பாக்ஸர்களின் மூளை பாதிப்பைப் பற்றி 1928லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், எனவே உங்கள் பயம் நியாயமானதுதான். கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: ஸ்பாரிங் எவ்வளவு பலத்தில் நடக்கும், தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு தருவீர்கள்? "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சிரித்தால் வேறு ஜிம் பாருங்கள்.

மகளிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். பாக்ஸிங்கில் சில கிலோ வித்தியாசத்துக்கே தனித்தனி எடைப் பிரிவு வைத்திருக்கிறார்கள், காரணத்தோடுதான். முப்பது கிலோ அதிகம் உள்ள ஆள் எதிரே வந்தால் ஒரு அடி, அந்தத் தடுமாற்றத்தில் ஓட்டம். நின்று ரவுண்டு போடக்கூடாது.

கேள்வி: சண்டையில் எதிராளியின் பல் பட்டு விரல் முட்டியில் சின்னக் கீறல். இரண்டு நாளாக வீங்கியிருக்கிறது. மஞ்சள் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பல் பட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முட்டி மடங்கியிருக்கும்போது பல் பட்டால் வாயில் உள்ள கிருமி மூட்டுக்குள்ளேயே போய்விடும், விரலை நீட்டியதும் மேல் தோல் நகர்ந்து துளையை மூடிக்கொள்ளும், வெளியே பார்த்தால் வெறும் கீறல். எக்ஸ்ரே எடுத்து, உள்ளே கழுவி, ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். யார் ஜெயித்தது என்பதை அப்புறம் எழுதுங்கள்.